மீசை வைத்த சம்மனசு

போன ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப காலமாகப் பூட்டிக் கிடந்த எங்க ஊர் தியேட்டர் ஒன்றைப் புதுப்பித்துத் திறந்தார்கள். எந்தத் தியேட்டர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம், உள்ளே போனால் சினிமா கொட்டகையா சர்ச்சா என்று சந்தேகம் வரும். அது போதும்.

திரைக்கு இரண்டு பக்கமும் தூணுக்கு ஒன்றாக நாலு சம்மனசு, சர்ச்சில் இருக்குமே அந்த தேவதூதர்கள். சுண்ணாம்புச் சுதை. இறக்கை, சுருட்டை முடி, குண்டுக் கன்னம்... அதில் வலது ஓரத்துச் சம்மனசுக்கு மட்டும் முறுக்கு மீசை!

சம்மனசுக்கு மீசை உண்டா? உண்டு. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

மேலே ஏறியவன் ஏழுமலை. முத்தியால்பேட்டை கொத்தனார் மகன், என் சிநேகிதன். தீபாவளிக்குத் தீபாவளி அந்தத் தியேட்டருக்கு வெள்ளையடிப்பது அவன் அப்பாதான். எங்களுக்குப் பதினேழு வயசு இருக்கும்போது எங்க அபிமான நடிகர் படம் ரிலீஸ். அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, இவன் சுண்ணாம்பைக் குழைத்து, அப்பா பூச்சு பூசுகிற கரணையின் நுனியாலேயே நடிகரின் மீசையை அங்கே ஏற்றிவிட்டான்.

அப்பா வந்தார். பார்த்தார். முதுகில் நாலு வைத்தார்.

"கரணை புடிக்கத் தெரியுமாடா உனக்கு? நீ இந்த வேலைக்கே லாயக்கில்ல!"

மீசையை எடுத்தாரா? அதுதான் இல்லை. அதன் மேலேயே வெள்ளையடித்துவிட்டார். அடுத்த வருஷம் அதற்கு மேல், அதற்கடுத்த வருஷம் அதற்கும் மேல்... பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு வெள்ளையடித்தவர் எங்க ஊரில் யார்? மீசை வெறும் வீக்கமாகிப் போனது. ஏழுமலையும் அப்புறம் கரணையைத் தொடவே இல்லை. இன்றைக்கும் சேதராப்பட்டு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான்.

இப்போது புதுப்பிக்க வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா, பொறுமையாக ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டியிருக்கிறார். மீசை வெளியே வந்துவிட்டது!

திறப்பு விழாவில் அவரே மைக் பிடித்தார். "இந்தக் கட்டடத்திலேயே அருமையான வேலை இந்த மீசைதான். ஒவ்வொரு முடியும் தெரியுது பாருங்க. ஐரோப்பாவுல தொழில் கத்துக்கிட்ட கையாத்தான் இருக்கணும்."

பக்கத்து சீட்டில் ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியாடா? எங்கப்பன் காதுல இது விழாம போச்சே..." வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தான். "இரு, செஞ்சது நான்தான்னு சொல்லிட்டு வந்துட்றேன்."

"உக்கார்றா! ஏணி புடிச்சவன் பேரும் வெளிய வரும்!"

கேட்கிற ஆளா? பாதி தூரம் போய்விட்டான். அதற்குள் மைக் ஓனர் கைக்குப் போனது. எண்பது வயசு மனுஷர், ஊரே பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிடும், நம்ம 'ஐயா' மாதிரி.

"இதைக் கட்டினவரு எங்க தாத்தா. வீட்ல ஒரு போட்டோ கூட கிடையாது. பெரிய மீசை வெச்சிருப்பாருன்னு எங்கம்மா சொல்வாங்க, அவ்வளவுதான் தெரியும். அந்தச் சிற்பி அவரு முகத்தையே வெச்சுட்டுப் போயிருக்கான். இத்தினி வயசுக்கப்புறம் எங்க தாத்தாவைப் பார்த்துட்டேன்... அவனுக்கு நன்றி, மெர்சி!"

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். ஹாலே கைதட்டியது. ஏழுமலை மீசையைப் பார்த்தான், முசியேவைப் பார்த்தான். அப்புறம் அவனும் கைதட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"தாத்தாவைப் பார்த்து அழுவுறாரு. இப்பப் போயி சொல்லச் சொல்றியா?" கண்ணைச் சுருக்கி மீசையைப் பார்த்தான். "ஆனா வலது பக்கம் முறுக்கு கொஞ்சம் கம்மிடா."

இனி எந்தப் பழைய கட்டடத்தில் யார் விளக்கம் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. ஏணி பிடித்தவனைக் கூப்பிடு என்பேன்.

முசியே பிரெஞ்சு பேப்பர் மட்டும்தான் படிப்பார் - அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாராவது போய்ச் சொன்னீர்களோ... ஏழுமலை கரணையோடு உங்க வீட்டுக்கு வருவான். ஏணி நான் பிடிப்பேன்!