முள்ளுக்காரரும் மூன்று மீட்டரும்

முள்ளுக்காரர் நகத்தால் மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள் இருந்தால் போதும். பிரஷர் கேஜ், மருந்துக் கடை எடை மிஷின், பக்கத்து வீட்டு மோட்டார் மீட்டர், எல்லாவற்றுக்கும் அந்த மூன்று தட்டு உண்டு. என் டயர் கடையில் காற்றடிக்கும் கேஜைத் தட்டித் தட்டிக் கண்ணாடியில் பள்ளமே விழுந்துவிட்டது. அவர் தட்டினால் செத்த முள்ளும் எழுந்து சல்யூட் அடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்புகிறார்கள்.

தொழிலே அதுதான். ஆலைகளில் பாய்லர் மேல் அழுத்தம் காட்டும் கேஜ்களைக் கழற்றி வந்து, பொய் சொல்கிற முள்ளை உண்மை சொல்ல வைப்பது. அதனால் முள்ளுக்காரர். எனக்கு அண்ணன் முறை இல்லை, ஆனால் சர்ச் சபையில் இருபது வருஷமாக ஒரே பெஞ்சு, அதனால் அண்ணன். அவர் மேசையில் துணி போர்த்திய மாஸ்டர் கேஜ் ஒன்று உண்டு. மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவார். அதன் மேல் ஈ உட்கார்ந்தால், அது பறக்கும்வரை இவர் மூச்சு விடமாட்டார்.

"எந்த முள்ளும் தானா உண்மை பேசாது தம்பி. கொஞ்ச நாள்ல நமக்குப் பிடிச்சதைச் சொல்ல ஆரம்பிச்சிடும்" என்பார்.

இத்தனை தெரிந்த மனிதர், கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பாவிடம் போய் மாட்டிக்கொண்டார்.

அண்ணிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. போன வருஷக் கடைசியில் பெரிய டாக்டர், சீட்டு எழுதாமலே பேனாவை மூடினார். "வீட்ல வெச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்றார். விரலில் கவ்விக்கொண்டு ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி, தினம் இரண்டு வேளை பார்த்தால் போதும் என்றும் சொன்னார். அண்ணன் இருநூறு வேளை பார்த்தார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் அண்ணியைக் கேளுங்கள், முந்நூறு என்பார்.

முதல் மீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது. சந்தேகம் வந்து இன்னொன்று வாங்கினார். அது எண்பத்தெட்டு என்றது. பஞ்சாயத்துப் பண்ண மூன்றாவது வந்தது. அது எண்பத்தாறு என்று சொல்லி இரண்டு பேரையும் கெடுத்தது. வேறு யாராக இருந்தாலும் மூன்றையும் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் அண்ணியின் மூன்று விரலில் மூன்றையும் மாட்டி, கூட்டி, மூன்றால் வகுத்து, அந்த எண்ணைப் பார்த்துத்தான் சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்.

"கல்யாணமான புதுசுல ஒரு மோதிரம் கேட்டேன், காதுல விழல" என்றார் அண்ணி, வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்து. "இப்ப பாருங்க தம்பி, விரலுக்கு விரல் மாட்டறாரு."

நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். அண்ணன் மட்டும் விரலைப் பார்த்தார்.

"சிரிக்காத. ரெண்டு இறங்குது."

அன்றோடு அந்த வீட்டில் சிரிப்புக்குத் தடை. "உள்ள வர்றதா இருந்தா ஜோக்கை வெளிய விட்டுட்டு வா" என்று எனக்கும் உத்தரவு. செருப்பைக் கழற்றுவதுபோல வாயைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனேன். அண்ணன் மடியில் வேதப்புத்தகம் திறந்திருக்கும். கண் மீட்டரில் இருக்கும். ஒரே பக்கம் இரண்டு மாதமாகத் திறந்தே கிடந்து வெயிலில் பழுத்துவிட்டது.

ஒருநாள் அண்ணி கேட்டார்: "ஏங்க, உங்க மாஸ்டர் கேஜ் சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் லேபுக்கு அனுப்பறேன்ல."

"அந்த லேபை யாரு பாக்கறது?"

"அதுக்கு மேல ஒரு லேப் இருக்கு."

"அதுக்கு மேல?"

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கும்."

"போய்க்கிட்டே இருந்தா, கடைசில ஒருத்தர நம்பித்தானங்க ஆகணும்" என்றார் அண்ணி. "நான் நம்பிட்டேன். என் முகத்தப் பாத்து நாலு வார்த்தை பேசுங்க. அதுதான் இப்ப எனக்கு வேணும். நீங்க பேசறதெல்லாம் என் விரல்கிட்ட."

அண்ணன் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே விரலைப் பார்த்தார்.

போன ஞாயிறு போதகர் விக்கிரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கல்லும் மரமும் மட்டுமல்ல, காலையில் கண் விழித்ததும் உன் மனசு எதைத் தேடி ஓடுகிறதோ அதுதான் என்றார். எனக்கு டீ. அண்ணனோ, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். கடன் அடைந்தது, காய்ச்சல் விட்டது என்று எல்லாரும் சொல்லி முடித்த இடத்தில்.

"தொண்ணூறு காட்டினா கர்த்தர் நல்லவர்னு பாடறேன். எண்பத்தஞ்சு காட்டினா, அவர் இருக்காரான்னே தெரியல. ரெண்டு மாசமா நான் ஜெபம் பண்றது அவர்கிட்ட இல்ல. அந்த டப்பாகிட்ட. விட்டுடலாம்னு பாக்கறேன், கை வரமாட்டேங்குது."

உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து நான்தான் வண்டியில் கூட்டி வந்தேன். வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போய், அண்ணியின் விரல்களிலிருந்து மூன்றையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

"கொண்டு போயிடு. நான் வந்து கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத."

அண்ணி விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். கவ்வின இடமெல்லாம் வெளுத்திருந்தது. ஆக்சிஜன் மிஷின் புஸ் புஸ் என்று அவருக்குப் பதிலாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப ஜெபம் பண்ணுங்க" என்றார். "கொஞ்சம் சத்தமா. எனக்கும் கேக்கணும்."

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணியின் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "கர்த்தாவே" என்றார். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் மன்றாடுகிறார் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணியும் மூடிக்கொண்டார். வெகுநேரம் ஆகியும் ஆமென் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவருடைய பெருவிரல் நழுவி அண்ணியின் மணிக்கட்டு நாடியின் மேல் அழுந்தியிருந்தது. உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.