பந்தலுக்கடியில் பருத்திச் சட்டை

என் மனைவிக்கு ஐம்பது நெருங்கியபோது உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவக்கும், கழுத்தில் வியர்வை வழியும், கொஞ்ச நேரத்தில் குளிரும். தோள்மூட்டு வேறு வலித்தது. சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒரு திராட்சைத் தோட்டம். கவாத்து என்றால் பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்று, உயர்த்திய கையோடு கொடி வெட்ட வேண்டும். முன்னால் நின்று வெட்டுபவள் அவள்தான். நான் திராட்சையைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவன். கொடிக்குப் படிக்கும் பழக்கமில்லை. அவளால் முடியாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவது என்று பேச்சு.

நான் வைத்தியத்தில் இறங்கினேன். எங்கள் பக்கம் எந்த நோய்க்கும் முதல் தீர்ப்பு 'சூடு'. வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் அவளுக்குச் சளி பிடித்தது.

"இருந்த வெக்கையோட இருமலையும் சேத்துக் குடுத்துட்டீக" என்று சொல்லிவிட்டு, தானே பஸ் ஏறித் தேனிக்குப் போய் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்து வந்தாள்.

"என்ன சொன்னாக?"

"மாதவிலக்கு நிக்கிற வயசாம். ஹார்மோன் குறையுறப்ப இப்பிடி வருமாம். காப்பியக் குறைக்கணும், பருத்தியா உடுத்தணும், தோளுக்குப் பயிற்சி செய்யணும். அப்பவும் தாங்கலன்னா மாத்திரை இருக்காம், வரச் சொன்னாக."

தோட்டவேலைக்குப் போகும் பெண்கள் இங்கே சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். எளிதில் கிழியாதே என்று நான் பெருந்தன்மையோடு கொடுத்திருந்தது பாலியெஸ்டர். உள்ளே எரிகிறவளுக்கு மேலே பிளாஸ்டிக் போர்த்தியிருக்கிறேன். இலக்கியக் கூட்டங்களுக்கென்று தேய்த்து வைத்திருந்த என் வெள்ளைப் பருத்திச் சட்டைகளை அவள் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கூட்டத்துக்கு நான் என்னத்தப் போடுறது?"

"அங்கன உங்கள யாரு பாக்குறாக?"

வேலையை விடியலுக்கு மாற்றினாள். வெக்கை வந்தால் பந்தலின் ஓரத்துக்குப் போய்க் காற்றில் நிற்பாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவாள். ஏன் போகிறாள் என்பதைத் தன்னோடு கொடி வெட்டும் பெண்களிடம் மறைக்கவில்லை. "ஒங்களுக்கும் இருந்தா நில்லுங்க ஆத்தா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக." இரண்டு பெண்கள் உடனே கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்கள். வருசக்கணக்காக வாய் திறக்காமல் வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் படித்த எந்தப் புரட்சியும் இவ்வளவு சுருக்கமாக நடந்ததில்லை.

வெக்கை முழுதாகப் போய்விடவில்லை; தோள் மட்டும் மெல்ல இளகியது. கவாத்து பாதி முடிந்திருந்தபோது குத்தகை கேட்டு ஒருவர் வந்தார்.

"மதினி, அண்ணன் சொன்னாக…"

அவள் உயர்த்திய கையை இறக்கவில்லை. "அண்ணனக் குத்தகைக்கு எடுத்துக்கங்க தம்பி. தோட்டம் இருக்கட்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.