மடியில் ஒரு கட்டை

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் மடியில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன். பலா மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டை. ஏறும்போது வண்டி நின்றுபோனால் கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் சொருக வேண்டும். லாரியில் கிளீனர் பார்க்கிற வேலை அது. எங்கள் காரில் நான் பார்த்தேன். மற்ற பெண்கள் காரில் போனால் வேடிக்கை பார்ப்பார்கள், தூங்குவார்கள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. சேந்தமங்கலத்தில் ஒரு மில் முதலாளிக்கு வெகுகாலம் டிரைவராக இருந்தவர் அவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது, உருண்டை விளக்கு வைத்த அந்தப் பழைய பெட்ரோல் காரை இவர் வாங்கிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு, மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் எங்கள் மிளகுத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? மலை ஏற இழுவை போதவில்லை என்று எஞ்சினைப் பிரித்து, ஹெட்டைத் தேய்த்து, உயரமான பிஸ்டன் போட்டு, கம்ப்ரஷனைக் கூட்டினார். அதற்குப் பிறகு கார் பிய்த்துக்கொண்டு ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி இறுகிப்போன எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற தெம்பு பழைய செல்ஃப் மோட்டாருக்கு இல்லை. காலைக் குளிரில் முக்கி முனகி எடுத்துவிடும். எஞ்சின் சூடாகிவிட்டால் சாவியைத் திருகியதும் ‘ணங்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

இதற்கு மலையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் வண்டியைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார்கள். பிரேக்கை விட்டால் உருளும். கியரைப் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். “மலைக்காரனுக்குச் செல்ஃப் எதுக்கு புள்ள? அதான் சரிவு இருக்குதுல்ல” என்பார். சரிவு இல்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்தவே மாட்டார். ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலில் கார் உறுமிக்கொண்டே நிற்க, நாங்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தோம். எனக்கு மானமே போனது.

ஏறும்போது நின்றால் சரிவு பின்னால் இருக்கிறது. ரிவர்ஸ் கியரைப் போட்டு, பின்னோக்கி உருண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்னால் என்ன இருக்கும் என்று மலை ஏறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு நெஞ்சு வலி வந்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். காரைப் பற்றி டாக்டரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். “வண்டி தள்ளுற வேலையெல்லாம் இனிமே கூடாது” என்று டாக்டர் கண்டித்தார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். எஞ்சின் நின்றுவிடுமோ என்பது ஒன்று. அது நின்றால் இவர் இறங்கித் தள்ளி, இவர் நின்றுவிடுவாரோ என்பது இன்னொன்று.

இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடக்கப் பார்த்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மலை ஏறிக்கொண்டிருந்தோம். மேலிருந்து வந்த பஸ், வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. இவர் பிரேக் போட்டார், எஞ்சின் அணைந்தது. நான் குதித்துக் கட்டையைச் சொருகினேன். சக்கரம் கட்டைமேல் நறநறவென்று ஏறி நின்றபோது என் விரல் ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. சாவியைத் திருகினார். ணங். மறுபடியும் ணங். கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். “தள்ளினீங்கன்னா நான் இங்கயே குதிச்சிருவனுங்க!” என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் பஸ் கண்டக்டர் கீழே போய் வண்டிகளை நிறுத்தினார். நான் கட்டையை உருவிக்கொண்டு ஓரமாக நின்றேன். கார் பின்னோக்கி உருண்டது. உள்ளே அவர் மட்டும் இருந்தார். பின்னால் தடுப்புச் சுவர் இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை. சுவரை இடிக்கப் போகிற நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

“செல்ஃப மாத்தாம இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டனுங்க” என்றேன் வீட்டு வாசலில் இறங்கியதும்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று வழி சொன்னார். பழைய மோட்டாருக்கே செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிப் போடலாம். இல்லாவிட்டால் டீசல் வேனில் இருக்கும் பெரிய மோட்டாரைத் தட்டிக்கொட்டி மாட்டலாம். மூன்றாவது, உள்ளேயே கியர் வைத்த சின்ன மோட்டார்.

இவருக்குப் பழையதின்மேல்தான் ஆசை, காரோடு பிறந்ததாம். கடைக்காரருக்குப் பெரியதை விற்க ஆசை. மேசைமேல் வைத்து கரண்ட் கொடுத்தபோது மூன்றுமே ஜோராகச் சுற்றின. வெறுமனே சுற்றுவதில் என்ன இருக்கிறது? சுமை இல்லாதபோது நான்கூடத்தான் வேகமாக நடப்பேன்.

“வளைவுல, எஞ்சின் கொதிக்கிறப்ப, இதுல எதுங்க எடுக்கும்?” என்று கேட்டேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “பழசு சைலன்சர் பைப்ப ஒட்டியே உக்காருதுங்க. காயில் புதுசா கட்டினாலும் சூடேறும். பெருசுக்கு பலம் இருக்குது, ஆனா சக்கரப் பல்லு சரியா ஒக்காரலீன்னா எஞ்சின் பக்கத்துப் பல்ல அரைச்சிரும். சின்னது பைப்ப விட்டுத் தள்ளி நிக்கும். உள்ள மோட்டார் வேகமா சுத்தும், கியர் அதையே பலமா மாத்திக் குடுக்கும். பல்லும் ஒத்து வருது.”

“இத்தனூண்டு இருக்குது. இதா அந்த எஞ்சினச் சுத்தும்?” என்றார் இவர்.

“நானும் இத்தனூண்டுதான். உங்களச் சுத்திக்கிட்டுத்தான இருக்கறேன்” என்றேன். கடைக்காரர் திரும்பி நின்று சிரித்தார்.

சின்னதை மாட்டச் சொன்னேன். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தொட முடியாத அளவு சூடாக்கி, நிறுத்தச் சொன்னேன். இவர் பயந்துகொண்டே சாவியைத் திருகினார். திருகியதும் பற்றிக்கொண்டது. நிறுத்தித் திருகினார், மறுபடியும் பற்றியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அழுதுவிடுவேன் போல இருந்தது எனக்கு.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. கட்டை போட ஆள் வேண்டாம் என்றால் நான் எதற்கு?

ஒரு காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே, “சேந்தமங்கலம் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று குரல் வந்தது. சாவியைத் திருகும் சத்தம் கேட்டது, கார் போய்விட்டது. ஓடி வந்து பார்த்தேன். கட்டை வாசலில் கிடந்தது. முன்பெல்லாம் பயந்தாலும் பக்கத்தில் இருந்து பயந்தேன். அன்று வீட்டில் உட்கார்ந்து பயந்தேன். மத்தியானம் தாண்டியும் அவர் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒவ்வொரு வளைவாக மனதில் ஏறி இறங்கினேன். எல்லா வளைவிலும் அவர் ஸ்டீயரிங்கின்மேல் சாய்ந்து கிடந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. “பாதி மலையில மூச்சு வாங்கிச்சு புள்ள. ஓரங்கட்டி, ஆஃப் பண்ணிட்டு, மாத்திரையப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் ஒரே திருகு. அருமையான செல்ஃப்” என்றார். பெருமையாக வேறு சொன்னார்!

நான் தேடிப் பிடித்து மாட்டிய மோட்டார்தான் அவரை ஓய்வெடுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. தனியாகப் போக வைத்ததும் அதுதான். சாமி கும்பிடுவதா, மண்ணை வாரித் தூற்றுவதா?

அவரை மறுநாளே டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அதே வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஐம்பதைத் தாண்டியவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே கேட்டது. லைசென்ஸ் வந்தது. பள்ளிக்கூட மைதானத்திலும் தோட்டத்துச் சாலையிலும் ஓட்டிப் பழகினேன்.

நானே ஓட்டி முதல்முறை மலை ஏறிய அன்று, பஸ் வழிமறித்த அதே வளைவில், கிளட்சை அவசரமாக விட்டுவிட்டேன். எஞ்சின் அணைந்தது. கார் பின்னால் நழுவியது. பிரேக்கைக் கால் வலிக்க மிதித்தேன். இடப்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார், கையில் கட்டை.

“இறங்காதீங்க!” என்று கத்திவிட்டுச் சாவியைத் திருகினேன். எஞ்சின் பற்றிக்கொண்டது.

அவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கட்டையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“இப்பத் தெரியுதுங்களா?” என்று கேட்டேன்.

“தெரியுது. ரோட்டப் பாத்து ஓட்டு புள்ள” என்றார்.