ஏகாம்பரம் வீட்டில் கடைசிக் காலை

செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டு மாவட்ட அலுவலகத்தில் கோமாரித் தடுப்பூசி வாங்க நின்றிருந்தேன். தொலைபேசியை என்னிடம் நீட்டினார்கள். எங்கள் கால்நடை மருந்தகக் காவலர் பேசினார். “டாக்டரம்மா மயக்கமா விழுந்துட்டாங்க சார். வேன்ல அங்க ஆஸ்பத்திரிக்குத்தான் எட்தாந்துகினு கீறாங்க.” ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் ஏகாம்பரம் நின்றிருந்தார். அவருடைய பசு கன்று போட முடியாமல் தவித்ததால்தான் டாக்டர் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போயிருந்தார். லுங்கி முழுக்க மாட்டின் ரத்தம். “கன்னுக்குட்டி உசுரோட கீது சார். அவங்கதான் இல்ல” என்றார்.

நான் உதவியாளராக இருந்த டாக்டர் வசுமதிக்கு முப்பத்து நான்கு வயது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் அப்பாவைத்தான் நாடே அறியும். இருபது வருடம் சினிமாவில் வில்லனாக நடித்து, தாய்மார்களிடம் சாபம் வாங்கியவர்.

ஒருமுறை ஒரு பாட்டி வசுமதி மேடத்திடம் கேட்டார்: “உங்க நைனா நெசமாவே அப்டித்தானா?” மேடத்தின் கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. “வூட்ல கரப்பான்பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவாரு. நீங்க கயித்த இறுக்கிப் புடிங்க” என்றார். எங்களோடு ஆறு வருடம் இருந்ததில் இந்த ஊர்ப் பேச்சும் அவருக்கு வந்துவிட்டது.

இனி என் தவறைச் சொல்கிறேன். மறுநாள் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர் தொலைபேசியில் கேட்டார், எங்கே இறந்தார் என்று. “ஏகாம்பரம் வீட்டில். விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தார்” என்றேன். எங்கள் தொழிலில் மாட்டைச் சொல்லும் வழக்கம் கிடையாது. பதிவேட்டிலும் பேச்சிலும் உரிமையாளர் பெயர்தான். மாட்டுக்கு இல்லாமல் டாக்டர் வேறு எதற்கு ஒரு வீட்டுக்குப் போவார்? நிருபர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரமே வந்தது, ‘வில்லன் நடிகரின் மகள் ரகசிய நண்பர் வீட்டில் மர்ம மரணம்’ என்று. கூடவே மாமல்லபுரம் சாலையில் ஏதோ ஒரு பங்களாவின் படம். மறுப்பு எழுதி இரண்டு முறை அனுப்பினேன். போடவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி செல்வி, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து தெருக்குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டார்.

பதினாறாம் நாள் அந்த நிருபரே அந்த வீட்டைப் படம் எடுக்க வந்தார். அன்று மேடத்தை நினைத்து நாங்கள் எல்லோரும் ஏகாம்பரம் வீட்டில்தான் கூடியிருந்தோம். ஏகாம்பரம் மரியாதையாகத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், நாற்காலி போட்டு, பத்திரிகையைக் கையில் கொடுத்தார். “எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நீ எழுதினத நீயே படி சார். எம் பொண்டாட்டி கேக்கட்டும்.”

நிருபர் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர் நின்றிருந்தோம். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. படித்தார். ‘ரகசிய நண்பர்’ என்ற இடத்தில் குரல் நின்றது.

“நிறுத்தாத. அது யாரு, நானா?” என்றார் ஏகாம்பரம்.

நிருபர் பத்திரிகையை மடிக்கப் போனார்.

“அந்தம்மா என் வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்தாங்கன்னு அதோ நிக்குது பாரு, அதைக் கேளு” என்று செல்வி கன்றைக் காட்டினார். பிறகு, “மறுபடியும் மொதல்லேர்ந்து படி” என்றார்.

நிருபர் மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை அவருக்கு அழுகை வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். மேடம் கடைசியாகக் கை கழுவிய மாட்டுத் தொட்டியைக் காட்டினேன். அதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

ஒரு மாடு என்னை உதைத்துத் தள்ளிய நாளில் மேடம் சொன்னார்: “இந்தக் கோபத்த அடுத்த தொழுவத்துக்கு எடுத்துனு வராதீங்க. அந்த மாடு உங்கள ஒண்ணும் பண்ணல.” மற்ற நாட்களில் நான் அந்தப் பேச்சைத் தட்டியதில்லை.

மேடம் இறந்த நாளின் பதிவை மருந்தகப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன்: ‘ஏகாம்பரம். பசு. கன்று உயிருடன்.’ மருத்துவர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அந்தக் கட்டுரையை, எழுதியவர் பெயர் தெரியும்படி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டருக்கும் அந்த இரண்டு பக்கங்களையும்தான் முதலில் காட்டப்போகிறேன்.

கோபத்தை நான் அடுத்த தொழுவத்துக்கு எடுத்துப் போகவில்லை, மேடம். அந்தப் பதிவேட்டோடு உங்கள் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.