செல்லத்தின் ஈரப் போர்வை

என் மகள் செல்லத்துக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வருடமாகப் பாயை நனைக்காதவள் திடீரென்று தினமும் நனைத்தாள். சோம்பல் என்று நினைத்து அடித்தேன்.

ஒருநாள் காலை, எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குத் வெளுக்கத் துணி எடுக்க வந்த டோபி அண்ணன் அவள் போர்வையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"தங்கச்சி, எவ்வளவு எறும்பு பாரு! இது இனிப்பு நீரு, சர்க்கரை வியாதி. உடனே பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ!"

போகும் வழியிலேயே அவள் மயங்கிவிட்டாள். புதிதாக வந்த மருந்து என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். மறுநாள் செல்லம் கண் திறந்தாள்.

"அம்மா, தண்ணி குடிக்கட்டுமா? அடிக்க மாட்டியே?"

பாய் நனையுமென்று தண்ணீரை ஒளித்துவைத்தவள் நான். டம்ளரை அவள் வாயில் வைத்தேன். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே மெய்மறந்து பார்த்தேன்.

இன்றும் அவள் தண்ணீர் குடிக்கும்போது என்னை அறியாமல் கை கூப்பிவிடுகிறேன்.