கன்னத்தில் ஒதுக்கியது

பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். அதில் பொய் இல்லை. பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஒரு பொறி விழுந்தால் கல்யாணப் புடவை போச்சு. அதனால் தறியில் உட்கார்ந்தால் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். பட்டுக்கு ஆகாது என்று யோசித்த மண்டை, வாய்க்கு ஆகுமா என்று யோசிக்கவில்லை.

முகூர்த்த மாதங்களில் புடவையை முடித்துத் தரும் கவலையும் கூடும், ஒதுக்குவதும் கூடும். எனக்கும் என் மனைவிக்கும் நடந்த சண்டையெல்லாம் இதற்காகத்தான். என்னை வளர்த்த அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அக்கா காதில் விழுந்தது சண்டைச் சத்தம் மட்டும்.

கன்னத்துக்குள் புண் ஒன்று ஆறவே இல்லை. பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது.

"வீட்ல நிம்மதி இருந்தாதானே? தெனம் சண்ட போட்டுக்கினு இருந்தா மனுசனுக்கு நோய் வராம என்னா வரும்?" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். மனைவி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது என் வீட்டில்தான் நடந்தது.

டாக்டரம்மாவிடம் மூவருமாகப் போனோம். அக்கா அங்கேயும் அதையே சொன்னாள்.

"கவலையாலேயே இது வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா கவலை வந்தா தூக்கம் போவுது, கை கண்டதையும் தேடுது. ஆபத்து அதுலதான்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்க கை எதைத் தேடுச்சு?"

மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புகையிலைம்மா. இருவது வருசமா. அக்கா, எங்க சண்டையே அதுக்குத்தான்."

அக்கா அவளைப் பார்த்தாள். "ஏம்மா, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி."

அக்கா அங்கேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கும்பிடுவதற்குக் காஞ்சிபுரத்தில் சாமிகளுக்கா பஞ்சம்? ஆனால் கண் விழித்ததும் எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது என் மனைவிக்குத்தான். வாயில் தையல், மூக்கில் குழாய், பேச்சு வரவில்லை. சைகையில் தாள் கேட்டு வாங்கி எழுதினேன்: "உன் மேல பழி விழுந்தப்ப சும்மா இருந்தேன். என்னை மன்னிச்சிடு."

இரண்டு தடவை படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி, ஆடாம இருங்க. குழாய்ல கஞ்சி ஊத்தணும்" என்றாள்.