ஏழாம் நம்பரின் சிவப்புக் கோடு

என் அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பேச்சில் அவள் காணாமல் போய்விடுவாள். ஆள் எதிரிலேயேதான் இருப்பாள். ஆனால் எங்கேயோ ஒரு லாரி மேடேறிக்கொண்டிருக்கும், மனசு அதன் பின்னாலேயே போயிருக்கும். "அண்ணி, உப்பு போட்டாச்சா?" என்று கேட்டால், "இல்ல, அது நாலாம் நம்பர்" என்பாள். இவளைக் கட்டிக்கொண்டு என் அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறானோ என்று ஆரம்பத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

அண்ணன் லாரி டிரைவர். எங்கள் பட்டறையில் ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய டீசல் லாரிகள் ஏழு இருக்கின்றன. மலைமேல் வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கலும் கம்பியும் ஏற்றிப் போகும். நான் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் முதலாளிக்கே சட்டென்று சொல்ல வராது. "அந்தம்மா கேக்கறதுக்கு இருக்காங்க" என்பார்.

கேட்பது டர்போவை. எஞ்சின் கக்கும் புகையைக்கொண்டே ஒரு குட்டி விசிறியைச் சுழலவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற நத்தை வடிவ இரும்பு அது. ராணுவத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, எல்லாவற்றின் மேலும் பச்சைப் பெயின்டை அப்பி அப்பி, எந்த லாரியில் எந்த டர்போ இருக்கிறது என்று பெயர்த் தகட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள். தப்பான பாகம் வாங்கி மாட்டி முதலாளி இரண்டு எஞ்சினைத் தொலைத்திருந்தார். அப்போது அண்ணி நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று, "இதுவும் அதுவும் ஒரே சாதின்னு சொன்னீங்களே, இது விசிலடிக்குது, அது மூச்சுதானே விடுது?" என்று கேட்டாள். மெக்கானிக் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தவை வேறு வேறு டர்போக்கள். அடுத்த மாதமே அண்ணி மில்லிலிருந்து நின்றுவிட்டாள்.

எஞ்சினை அணைத்த பிறகும் அந்த விசிறி கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அண்ணிக்கு எல்லாமே. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பானட்டில் கன்னத்தைச் சாய்த்து நிற்பாள். பட்டறையில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. மெல்லிசாகி, இன்னும் மெல்லிசாகி, எங்கே முடிந்தது என்றே தெரியாமல் அது அடங்கும். ஒருநாள் நடுவில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை மகராசி.

காதை மட்டும் நம்பி அவள் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு லாரியிலும் புகைச்சூடு காட்டுகிற மீட்டர் ஒன்றை மாட்டவைத்தாள். அதன் கண்ணாடிமேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. ஊசி அந்தக் கோட்டைத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் உருகிவிடும். சாயங்காலம் டிரைவர்கள் ஊசி அதிகபட்சம் எங்கே நின்றது என்று சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இதில் ஒரு சூட்சுமம். சூட்டை அளக்கிற கம்பி சில லாரிகளில் டர்போவுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். விசிறியைச் சுற்றிவிட்டு வரும் புகை களைத்துப்போய் நூற்றைம்பது டிகிரி குறைவாகக் காட்டும். அதனால் கம்பி முன்னால் இருந்தால் கோடு எழுநூறில், பின்னால் இருந்தால் ஐந்நூற்றைம்பதில். இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் பட்டறையில் இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும். போன வருஷம் மழை முடிந்த ஒரு காலை. நாலாம் நம்பரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் டாஷ்போர்டில் மீட்டர் இருந்த ஓட்டையை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தின நாள் அவள்தான் அதைக் கழற்றி, மீட்டர் உடைந்துபோன ஏழாம் நம்பரில் மாட்டியிருந்தாள். நாலில் கம்பி முன்னால். ஏழில் பின்னால்.

"கோட்ட மாத்தல" என்றாள்.

ஏழாம் நம்பரில் ஆறு டன் செங்கலோடு அண்ணன் விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தான். எழுநூறு வரைக்கும் பயமில்லை என்று அந்தக் கண்ணாடி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நடு மேட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளும். பின்னால் பள்ளம். ஃபோன் போட்டோம், மலையில் எடுக்கவில்லை. வழியில் போன பால் வேனை மறித்து ஏறிக்கொண்டோம்.

மூன்றாவது வளைவிலிருந்து மேகத்துக்குள் போனோம். சாலை இல்லை, மரம் இல்லை, எல்லாம் வெள்ளை. காலி பால் கேன்கள் மட்டும் பின்னால் தூக்கத்தில் பேசுவதுபோல முணுமுணுத்தன. அண்ணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் அழுதால் அவளுக்கு லாரிச் சத்தம் கேட்காதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க தம்பி" என்றாள் திடீரென்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேன் நின்ற பிறகு, வெள்ளைக்குள் எங்கோ மேலே, இழை மாதிரி ஒரு விசில்.

எஞ்சின் மட்டும் மெதுவாக ஓட, ஏழாம் நம்பர் வளைவோரம் நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அண்ணன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஊசி எங்க நின்னுச்சு?" அண்ணி ஓடிப்போய்க் கேட்டாள்.

"கோட்டுக்குக் கீழதான். அறுநூத்தி அம்பது."

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். "அறுநூத்தி அம்பதா? அப்ப உள்ள எண்ணூறு. பிஸ்டன் உருகி வழிஞ்சிருக்கணுமே! வண்டி எப்படிங்க ஓடிட்டு இருக்கு?"

அண்ணன் பீடியைக் கீழே போட்டான். தலையைச் சொறிந்தான். "நான் அத பாக்கறதில்ல."

"எப்பலேருந்து?"

"ஆறு வருஷமா. மேட்டுல கண்ணு ரோட்டுல இருக்கணுமா, அந்த டப்பால இருக்கணுமா? நீ ஆசையா நோட்ட விரிச்சுட்டு உக்காருவ. வாய்க்கு வந்தத சொல்லுவேன்."

"அப்ப இப்ப ஏன் நிறுத்துனீங்க?"

"சத்தம் சரியில்ல. நீ தூக்கத்துல விசில் ஊதுவியே, ஒவ்வொரு வண்டி மாதிரியும். ஏழு நல்லா இருந்தா எப்படி ஊதுவன்னு எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி இல்லன்னா நிறுத்திருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். "நீங்க என் பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் நானே உங்கள கொன்னிருப்பேன்" என்றாள். அவன் உயிரோடு இருந்த சந்தோஷம் பெரிது. ஆனால் ஆறு வருஷமாக அவள் போட்ட கோட்டை ஒருத்தன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குச் சின்ன வலியில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதாள்.

எஞ்சின் சூடு தணிந்ததும் பழைய கோட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, லாரியில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் ஒடுங்கிக்கொண்டேன். மேகத்துக்குள் லாரி ஊர்ந்தது. அண்ணி மீட்டரைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தாள். "நானூத்தி எம்பது. ஐநூறு. ஐநூத்தி இருபது." தாலாட்டு மாதிரி இருந்தது.

"ஏங்க, ஐநூத்தி நாப்பது. கியர எறக்குங்க."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இறக்கினான். விசில் தாழ்ந்து, பிறகு சீரானது. அந்த வளைவைத் தாண்டியதும் அண்ணன் தானாகவே கேட்டான்.

"இப்ப எவ்வளவு?"